பேனல் புத்தகமும் அர்த்தனாரியின் பத்து நாள் லீவும்

ஒரு இயந்திரம் எப்படி ஓடுகிறது, நின்றுபோனால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். பெண் கேட்டுப் போன வீட்டில் இதை விளக்கி முடிப்பதற்குள் மூன்று டீ ஆறிப்போயிற்று. செய்வதும் நான் இல்லை, ஓட்டுவதும் நான் இல்லை, ரிப்பேர் பார்ப்பதும் நான் இல்லை என்பதை மாமனார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சேலம் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஏதோ கவர்மெண்டு வேலை மாதிரி இருக்கும் போல என்று அவராகவே நினைத்துக்கொண்டு சம்மதித்துவிட்டார்.

உங்களில் யாரையாவது மேலதிகாரி கூப்பிட்டு, "எல்லாத்தையும் ஒரு புக்கா எழுதி வெச்சிருப்பா" என்று சொல்லியிருந்தால், நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

வயிறும் புத்தகமும்

போன மார்கழியில் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கோழிப்பண்ணையில் மூடிய ஷெட்டுக்கான கன்ட்ரோல் பேனல் செய்கிற கம்பெனி. மூடிய ஷெட்டுக்குச் சன்னல் கிடையாது. ஒரு கடைசியில் ஆள் உயர ஃபேன்கள் காற்றை வெளியே இழுக்கும். மறு கடைசியில் தண்ணீர் வழிகிற அட்டைச் சுவர் இருக்கும், அதற்குப் பேட் என்று பெயர். அதன் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். உள்ளே எவ்வளவு சூடு என்று சென்சார் சொல்ல, எத்தனை ஃபேன் ஓட வேண்டும் என்று பேனல் முடிவு செய்யும். வெயில் நாளில் எல்லா ஃபேனும் நின்றுவிட்டால் அரை மணி நேரம்கூடத் தாங்காது, ஷெட்டில் உள்ள கோழி பூராவும் போய்விடும்.

ஆகவே கம்பெனியில் சர்வீஸ் டிபார்ட்மெண்ட் என்று ஒரு போர்டு இருக்கிறது. போர்டுக்குப் பின்னால் அர்த்தனாரி என்ற ஒரே ஒரு ஆள் இருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. அவருக்குக் குடலிறக்கம். ஆபரேஷனுக்கு மூன்று தடவை தேதி வாங்கி, மூன்று தடவையும் ஏதோ ஒரு பண்ணையில் ஃபேன் நின்று, தேதி தள்ளிப்போயிருந்தது. பேண்டுக்குள் இறுக்கமாக ஒரு பெல்ட் கட்டிக்கொண்டு ஏணி ஏறிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை தள்ளினால் குடல் மாட்டிக்கொள்ளும், அப்புறம் என்னைக் கேட்காதே என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் படுக்கையில் இருக்க வேண்டும். போனைத் தொடவே கூடாது.

பங்குனி வெயில் வந்துவிட்டால் அர்த்தனாரியை யாரும் விடமாட்டார்கள். எனவே மாசி முடிவதற்குள் புத்தகம் முடிய வேண்டும், புத்தகம் முடிந்தால்தான் ஆபரேஷன். இதை முதலாளி முதல் நாளே என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். என் பெயர் சாதிக். கம்பெனியில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அவன் தலைக்குள்ள இருக்கறதப் பூராவும் எறக்கிப் புக்குல வெச்சிருங்க, பாய். அப்பறம் அவன் வயித்தை டாக்டர் எப்படி வேணா அறுத்துக்கட்டும்."

எல்லாம் மஞ்சள்

பேனலுக்கு ஒரு வரைபடம் இருந்தது. அதில் சிவப்பு ஒயர் ஃபேனுக்கு, நீலம் தண்ணீர் மோட்டாருக்கு, பச்சை எர்த்துக்கு என்று அழகாகப் போட்டிருந்தது. அதை நம்பி ஒரு வாரம் உட்கார்ந்து, "நீல ஒயரைக் கழற்றவும்", "சிவப்பு ஒயரைச் சோதிக்கவும்" என்று பதினாறு பக்கம் எழுதினேன். பிறகு அர்த்தனாரியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ராசிபுரம் பக்கத்தில் ஒரு பண்ணைக்குப் போனேன். பேனலின் கதவைத் திறந்தார். உள்ளே இருந்த அத்தனை ஒயரும் மஞ்சள்.

அந்த வாரம் கடையில் மஞ்சள் கட்டுதான் இருந்ததாம். அடுத்த பண்ணையில் எல்லாம் கறுப்பு. அதற்கடுத்ததில் பாதி கறுப்பும் பாதி எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குச் சீரியல் லைட் போட்டது போக மிஞ்சிய ஒயரும். அர்த்தனாரி மட்டும் அந்த மஞ்சள் கூட்டத்துக்குள் விரலை விட்டு, இது மூணாவது ஃபேன், இது மோட்டார் என்று உறவுக்காரர்களை அறிமுகப்படுத்துவது மாதிரி இழுத்துக் காட்டினார். எப்படித் தெரிகிறது, ஏதாவது அடையாளம் வைத்திருக்கிறீர்களா, முடிச்சா, டேப்பா என்று நோட்டும் பேனாவுமாகக் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"அடையாளம் எதுக்குங்க, பாய்? நாந்தானுங்களே போட்டேன்."

அடுத்த இரண்டு வாரம் பண்ணை பண்ணையாகப் போய் ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினோம். அவர் இழுத்துக் காட்டுவார், நான் ஒட்டுவேன். எழுத்து வேலைக்கு என்று எடுத்த ஆள் ஸ்டிக்கர் ஒட்டித் திரிகிறேன் என்று வீட்டில் நான் சொல்லவில்லை.

ஐந்து நிமிடம்

ஃபேன் மோட்டார் சூடாகி நின்றால் உடனே மறுபடி போடக்கூடாது. ஐந்து நிமிடம் ஆறவிட வேண்டும். "ஐந்து நிமிடம் காத்திருக்கவும்" என்று தடித்த எழுத்தில் போட்டேன். பண்ணைகளில் படித்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் காத்திருக்கவில்லை. ஸ்விட்சைப் போடுவார்கள், ஓடாது, மறுபடி போடுவார்கள், கன்னத்தில் தட்டுவது மாதிரி பேனலைத் தட்டுவார்கள், மறுபடி போடுவார்கள். ஒரு மோட்டார் இப்படியே கருகியது.

யோசித்துப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் வேலை நேரத்தில் சும்மா நிற்பதற்கு யாரும் பழகவில்லை. சும்மா நிற்கிற ஆளைப் பார்த்தால் இன்னொரு ஆள் வந்து வேலை சொல்லிவிடுவான். எனவே மாற்றி, "ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஸ்விட்சைப் போடவும்" என்று எழுதினேன். அருமையாக வேலை செய்தது. மோட்டார் ஒன்றுகூடக் கருகவில்லை. ஒரு குறை என்னவென்றால், பரமத்திப் பக்கத்தில் ஒரு பண்ணையில் வேலையாள் டீ குடிக்க மெயின் ரோட்டுக்குப் போய், அங்கே பங்காளியைப் பார்த்து, முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். நல்லவேளை அது ஒரே ஒரு ஃபேன், அதுவும் காலை நேரம். பண்ணைக்காரர் கோபமாக எனக்குப் போன் செய்தார். அவர் வேலையாளைக் குறை சொல்லவில்லை.

"டீ எங்க குடிக்கறதுன்னு நீங்க புக்குல போடலீங்களே, பாய்."

பனியன் போட்ட சைரன்

பேனலில் கோளாறு என்றால் சைரன் அடிக்கும். சங்ககிரியில் ஒரு பண்ணைக்காரர், முன்பு லாரி வைத்திருந்தவர். அவர் ஷெட்டில் சைரனுக்குள் ஒரு பழைய பனியனைச் சுருட்டி அடைத்திருந்தார். சைரன் அடித்தால் கோழி மிரள்கிறது, கோழி மிரண்டால் முட்டை குறைகிறது என்பது அவர் வாதம். நியாயம்தான். சரி, கோளாறு என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அர்த்தனாரி போன் பண்ணிச் சொல்வார் என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. சங்ககிரியில் ஃபேன் நின்றது திருச்செங்கோட்டில் இருக்கிற அர்த்தனாரிக்கு எப்படித் தெரியும்? பேனலுக்குள் ஒரு சிம் கார்டு உண்டு. கோளாறு வந்தால் பண்ணைக்காரர் போனுக்கு மெசேஜ் போக வேண்டும். பேனலை மாட்டுகிற அன்று மெசேஜ் போகிறதா என்று பார்ப்பதற்கு அர்த்தனாரி தன் நம்பரைப் போட்டிருக்கிறார். அப்புறம் யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு பண்ணையிலும் இதே கதை. சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் எந்த ஷெட்டில் எந்த ஃபேன் முக்கினாலும் அது நேராக ஒரே மனுஷனின் சட்டைப் பையில் வந்து அடித்துக்கொண்டிருந்தது. அவர் உடனே அந்தந்தப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டு எழுப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் இடது கையில் போன் இருக்கும். ஏன் அண்ணா இதைச் சொல்லவே இல்லை என்று கேட்டதற்கு, எல்லாப் பேனலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார்.

நம்பரை மாற்றுவது எப்படி என்று ஒரு முழுப் பக்கம் படத்தோடு எழுதினேன். ஊர் ஊராகப் போய் மாற்றச் சொன்னேன். அர்த்தனாரியின் வயிற்றைப் பற்றியும் சொன்னேன். எல்லோரும் அடடா என்றார்கள். சங்ககிரிக்காரர் மட்டும் பக்கத்தை இரண்டு தடவை நிதானமாகப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினார்.

"எம்பட நம்பரைப் போட்டா மெசேஜு எனக்கில்லீங்க வரும்?"

அமாவாசைப் பொட்டு

வெண்ணந்தூர்ப் பண்ணையில் சரசு என்று ஒரு அம்மாள் ஷெட்டைக் கவனிக்கிறார். சுத்தம் என்றால் அப்படிச் சுத்தம். எங்கள் புத்தகத்தின் தினசரிப் பராமரிப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டு, தான் செய்வதில் இது பாதிகூட இல்லை என்றவர். நாங்கள் போன அன்று அமாவாசை. காலையிலேயே பேனல், மோட்டார், ஃபேன், ஏணி, தீவன வண்டி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி முடித்திருந்தார். பேனல் இருபத்து நாலு டிகிரி காட்டியது. ஃபேன்கள் பாதிக்கு மேல் ஓய்வில் இருந்தன. எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அர்த்தனாரி பேனலைப் பார்க்கவே இல்லை, கோழியைப் பார்த்தார். கோழிகள் வாயைத் திறந்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கின. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷெட்டின் நடுவுக்கு ஓடினார்.

நடுவில் தொங்கிய சென்சாரின் ஓட்டைகள் தெரியாதபடி ஈரச் சந்தனம் அப்பியிருந்தது, நடுவில் குங்குமம். சந்தனம் காய்கிறவரை சென்சாருக்குக் குளுகுளுவென்றுதான் இருக்கும். அது குளிராக இருக்கிறது என்று சொல்ல, பேனல் நம்பி ஃபேனை நிறுத்திவிட்டது. அர்த்தனாரி சட்டை நுனியால் துடைத்தார். ஒரு நிமிடத்தில் ஃபேன்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. சென்சாருக்கு மட்டும் பொட்டு வேண்டாம் என்று நான் பக்குவமாகச் சொன்னேன். சரசம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கோழியைப் பார்த்துக்கொள்கிற சாமியே அதுதான், ஏணிக்கு வைத்துவிட்டு அதற்கு எப்படி வைக்காமல் விடுவது என்று கேட்டார். 

அன்று சாயங்காலமே ஒரு பக்கம் சேர்த்தேன். சென்சாரைப் படம் போட்டு, அது தொங்குகிற கம்பியின் மேல் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, "சென்சாருக்கான பொட்டை இங்கே வைக்கவும்" என்று அம்புக்குறி காட்டினேன். சரசம்மா முழு மனதோடு ஒப்புக்கொண்டார். புத்தகம் அச்சுக்குப் போகும் முன் பக்கம் பக்கமாகப் புரட்டிய முதலாளி அந்த இடத்தில் நின்றார். எடுத்துவிடச் சொல்வாரோ என்று பயந்தேன்.

"பொட்டை எங்க வெக்கோணும்னு ஒரு பாய் வந்து சொல்லோணும்னு நம்ம தலையில எழுதியிருக்குது பாருங்க."

பரீட்சை

மாசி மூன்றாம் வாரம் புத்தகம் அச்சாகி வந்தது. அதற்குள் சங்ககிரி உட்பட எல்லாப் பேனலிலும் அந்தந்தப் பண்ணைக்காரரின் நம்பரை நாங்களே போட்டுவிட்டிருந்தோம். அர்த்தனாரியின் ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமை தேதி. புதன்கிழமை முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புத்தகத்தை மட்டும் வைத்து ஒரு புது ஆள் ஷெட்டை ஓட்டிக் காட்டினால்தான் லீவு என்றார். ஆளாகத் தன் மச்சான் கதிர்வேலைப் பிடித்தார். கதிர்வேல் கம்பெனிக்குச் சாமான் வாங்கிப்போடுகிறவர், பேனலுக்குள் கை வைத்ததே இல்லை. ஜேடர்பாளையத்துப் பண்ணைக்கு வியாழன் காலை பத்து மணிக்கு எல்லோரும் காரில் போனோம். அர்த்தனாரி வேப்பமரத்தடியில் காருக்குள்ளேயே உட்கார வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

முதலாளி யாருக்கும் தெரியாமல் போய் மூன்று ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார். பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தது. கதிர்வேல் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விளக்கைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அழுத்தினார். முப்பதடி தள்ளி, காருக்குள் அர்த்தனாரியின் போன் அடித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அர்த்தனாரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷமாக இரண்டாவது மணிக்குள் எடுத்துப் பழகிய கை. கதிர்வேல் விடாமல் மூன்று தடவை அடித்தார். மூன்று தடவையும் முழுக்க அடித்து நின்றது. அர்த்தனாரிக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. எனக்கும்தான். எடுத்துவிட்டால் ஆபரேஷன் போச்சு, எடுத்துவிடாதே என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

கதிர்வேல் வேறு வழியில்லாமல் புத்தகத்தைத் திறந்தார். விரல் வைத்துப் படித்தார். ஸ்டிக்கர் நம்பரைத் தேடினார். ஃபேனின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பேனல் பக்கத்திலேயே நின்று டீ குடித்தார், அதையும் புத்தகத்தில் திருத்திப் போட்டிருந்தேன். ஸ்விட்சைப் போட்டார். மூன்று ஃபேனும் ஓடின. முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார், லீவு கிடைத்தது. எப்படியப்பா முடிந்தது என்று அவர் கேட்டதற்கு மச்சான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"அண்ணன் போனை எடுக்க மாட்டேனுட்டாருங்க, மாமா. அப்பறம் படிக்கறதத் தவுர வேற என்னங்க பண்றது?"

ஆறாவது நாள்

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போனை அவர் சம்சாரம் வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார். நான் ஆபீசில் சர்வீஸ் மேஜையில் உட்கார்ந்து, எந்த நிமிடம் எங்கே கோழி சாகுமோ என்று காத்திருந்தேன். முதல் இரண்டு நாள் நாலைந்து பேர் கூப்பிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து அதுவும் இல்லை. ஃபேன்கள் ஓடின, பேட் நனைந்தது, கோழி முட்டையிட்டது. என் புத்தகம் வேலை செய்தது. உங்களிடம் மறைப்பானேன், நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன். முதலாளி என்னைத் தோளில் தட்டினார்.

ஆறாம் நாள் மதியம் அர்த்தனாரி ஆபீஸ் வாசலில் நின்றார். வேட்டி கட்டி, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். பதறிப்போய் நாற்காலி போட்டேன். சம்சாரம் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பீரோவைத் திறந்து போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஆறு நாளில் வந்த அழைப்பு இரண்டு. ஒன்று லோன் வேண்டுமா என்று கேட்டது, இன்னொன்று ராங் நம்பர். எல்லாப் பண்ணையும் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, நீ இல்லாமலே ஜம்மென்று ஓடுகிறது, நீ நிம்மதியாகப் படு என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அர்த்தனாரி சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி மேஜையில் இருந்த புத்தகத்தை எடுத்து டிராயருக்குள் வைத்தேன். அவர் தன் போனை மேஜைமேல் வைத்தார்.

"ஃபேன் ஓடுச்சுன்னா, அர்த்தனாரி எப்படியிருக்கான்னு கேக்கறதுக்கு ஒருத்தருக்கும் தோணலீங்களாட்ட இருக்குது, பாய்."

ஆட்டோ வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பங்குனியில் இரண்டாவது தடவை அச்சடிக்க வேண்டி வந்தது. கோழிக்கு ஆபத்தில்லாத பக்கமாகத் தேடினேன். பேடில் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் என்ன செய்வது என்ற பக்கம் அதற்குத் தோதாக இருந்தது. முதலில் அதில் ஆறு படிகள் இருந்தன. மூன்றோடு நிறுத்தி, நாலாவதாக "அர்த்தனாரியைக் கூப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, விஷயத்தைச் சொல்லவும்" என்று எழுதி, நம்பரையும் போட்டேன். வாரம் முடிவதற்குள் வெண்ணந்தூரிலிருந்து முதல் போன் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அர்த்தனாரி இடது கையால் எடுத்து, "நல்லாருக்கேனுங்க, நீங்க சொல்லுங்க" என்றார்.

பதினாறு வருஷத் தொழிலில் நான் வேண்டுமென்றே அரைகுறையாக விட்ட பக்கம் அது ஒன்றுதான், அதில் மட்டும்தான் இதுவரை ஒருத்தரும் குறை கண்டுபிடிக்கவில்லை.